மூன்று நாள் ஆபீஸும் 390 கிலோமீட்டரும்

வெளியூரில் வேலை பார்க்கிற யாரைப் பார்த்தாலும் புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் ஊரான அன்னவாசலில் இரண்டு கேள்வி கேட்பார்கள். "எப்ப வந்தே?" "எப்பக் கிளம்புறே?" சிங்கப்பூரிலிருந்து வந்தவருக்கும் அதே கேள்விதான், துபாயிலிருந்து வந்தவருக்கும் அதேதான், சென்னையிலிருந்து வருகிற எனக்கும் அதேதான். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. வானம் பார்த்த பூமி. கடலையையும் கிணற்றுத் தண்ணியையும் நம்பி எத்தனை குடும்பம் பிழைக்க முடியும்? படித்தவர்கள் போவார்கள், நல்லது கெட்டதுக்கு வருவார்கள், மறுபடி போவார்கள். 2020இல்தான் இரண்டாவது கேள்விக்கு ஒருத்தரிடமும் பதில் இல்லாமல் போனது.

நான் சென்னை ஓஎம்ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டர். எந்த நிறுவனம் என்பது இந்தப் பதிவுக்குத் தேவையில்லை, பக்கத்துக் கட்டடத்துக் கதையும் கிட்டத்தட்ட இதுவேதான். 'ஹைப்ரிட்' என்று பேச்செடுத்தாலே எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு கட்சி கிளம்பிவிடும். எல்லாரும் ஆபீஸுக்கு வரணும் என்று ஒரு கட்சி. எதுக்கு வரணும் என்று இன்னொரு கட்சி. என்னை மாதிரி ஆள் இரண்டிலும் இல்லை. எனக்கு ஆபீஸ் வேண்டும். வாராவாரம் வேண்டாம். இந்த நீண்ட பதிவில் சொல்ல வந்தது அவ்வளவுதான், ஆனால் அதைச் சொல்லக் கொஞ்சம் சுற்றி வரணும்.

கொரோனாவுக்கு முன்னால் வீட்டிலிருந்து வேலை என்பது எங்கள் துறையில் சலுகை. பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டுக்கு பிளம்பர் வருகிறார், இந்த மாதிரிக் காரணத்துக்கு மேனேஜரிடம் கேட்டு வாங்குவது. கால் சென்டர், பிபிஓ ஆட்களுக்கு அதுவும் கிடையாது. அந்த வகை நிறுவனங்கள் தொலைத்தொடர்புத் துறையில் பதிவு செய்திருக்கணும். ஆள் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதென்றால் அதற்குத் தனி ஒப்பந்தம், காப்புத்தொகை என்று ஏகப்பட்ட கெடுபிடி. 2020 மார்ச் 13ஆம் தேதி ஒரே சுற்றறிக்கையில் அந்தக் கெடுபிடியைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். பதினொரு நாள் கழித்து நாடு முழுக்க ஊரடங்கு அறிவிப்பு வந்தது. அந்த நவம்பரில் விதிகளையே மாற்றி எழுதி, 'எங்கிருந்தும் வேலை' என்பதை அரசாங்கமே ஒத்துக்கொண்டது.

நிறுவனங்களுக்கும் அப்போது ஒரே உற்சாகம். டிசிஎஸ் 2020 ஏப்ரலிலேயே ஒரு திட்டம் சொன்னது: 2025க்குள் எந்த நேரத்திலும் நூற்றுக்கு 25 பேர் ஆபீஸில் இருந்தால் போதும், அவர்களும் தங்கள் நேரத்தில் கால்வாசிக்கு மேல் அங்கே செலவழிக்க வேண்டியதில்லை. செய்தி வந்த அன்று மாமனார் தினத்தந்தியை மடித்துக்கொண்டே, "அப்ப மெட்ராஸ் வீட்டைக் காலி பண்ணிரலாமா?" என்றார். அந்த மழைக்காலத்துக்கு முன்பே காலி பண்ணினோம். பெரும்பாக்கத்தில் இருந்த வீட்டுச் சாமான் ஒரு டாடா ஏஸில் அடங்கியது. என் கணவர் விராலிமலையில் ஒரு தொழிற்சாலையில் வேலை மாற்றிக்கொண்டு வந்தார். மகள் இங்கேயே பள்ளியில் சேர்ந்தாள்.

2025 வந்தும் போய்விட்டது. நடந்தது நேர் எதிர். டிசிஎஸ் 2023 அக்டோபரிலிருந்து வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. 2024இல் வருகைப் பதிவை மாறுபடும் ஊதியத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டது. விப்ரோ 2023 நவம்பரில் வாரம் மூன்று நாள் என்றது. இன்ஃபோசிஸ் குறிப்பிட்ட நிலை வரை உள்ளவர்களுக்கு மாதம் பத்து நாள் என்றது. எங்கள் கம்பெனி நடுவில் எங்கோ நின்று, வாரம் மூன்று நாள், செவ்வாய் புதன் வியாழன் என்றது.

கேட்கிறதுக்கு நியாயமாகத்தான் இருக்கும். சோழிங்கநல்லூரில் இருக்கிற ஆளுக்கு இது வரப்பிரசாதம். வாரத்தில் இரண்டு நாள் ரோட்டு நெரிசல் மிச்சம், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து நிதானமாக லாகின் பண்ணலாம். அதே மூன்று நாளை அன்னவாசலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.

புதுக்கோட்டையிலிருந்து சென்னை ஏறக்குறைய 390 கிலோமீட்டர். திங்கள் ராத்திரி புதுக்கோட்டை போய் போட் மெயில் ரயில் ஏறணும். விடிந்து தாம்பரத்தில் இறங்கி, மேடவாக்கம் வழியாக பஸ் பிடித்து, ஹாஸ்டலில் ஒரு குளியல் போட்டுவிட்டு, ஸ்வைப் மெஷினில் கார்டைக் காட்டணும். செவ்வாய், புதன் ராத்திரி ஹாஸ்டல். வியாழன் சாயங்காலம் மறுபடி ரயில். பல்லவன் எக்ஸ்பிரஸைப் பிடிப்பதென்றால் மத்தியானமே ஆபீஸை விட்டுக் கிளம்பணும், அதற்கு யார் விடுவார்கள்? சேது, போட் மெயில் இரண்டில் எதில் வந்தாலும் புதுக்கோட்டையில் இறங்கும்போது நடுராத்திரி ஆகிவிடும். அந்த நேரத்துக்கு அன்னவாசலுக்கு பஸ் ஏது? வீட்டுக்காரர் பைக்கோடு ஸ்டேஷன் வாசலில் நிற்கணும். அவருக்கு மறுநாள் முதல் ஷிப்ட் என்றால் அதுவும் இல்லை, ஆட்டோதான்.

ஆக, வாரத்தில் ஏழு ராத்திரி. இரண்டு ரயிலில், இரண்டு ஹாஸ்டலில், மூன்று வீட்டில். நாலு வாரத்துக்கு வீட்டுக்கு வெளியே பதினாறு ராத்திரி, அதில் எட்டு ரயில் படுக்கையில். இத்தனைக்கும் ஆபீஸில் உட்கார்ந்தது பன்னிரண்டு நாள். ஹாஸ்டல்காரர்கள் மூன்று நாள் தங்குகிறவளுக்கு மூன்று நாள் வாடகை வாங்குவதில்லை, மாத வாடகைதான். ரயில் டிக்கெட்டை முன்பு 120 நாளுக்கு முன்னால் எடுத்துப் போட்டுவிடலாம். 2024 நவம்பரிலிருந்து அது 60 நாள் ஆகிவிட்டது. பொங்கல், தீபாவளி வாரங்களில் ஆர்ஏசி கிடைத்தாலே அதிர்ஷ்டம்தான்.

இப்போது ஆபீஸ் நாட்களை வேறு மாதிரி அடுக்கிப் பாருங்கள். மாதத்துக்குப் பத்து நாள், ஒன்று விட்டு ஒரு வாரம், திங்களிலிருந்து வெள்ளி வரை. ஞாயிறு ராத்திரி ஏறி வெள்ளி ராத்திரி திரும்பினால் ஒரு தடவைக்கு ஹாஸ்டலில் நாலு ராத்திரி, ரயிலில் இரண்டு. மாதத்துக்கு இரண்டு தடவை. வெளியே பன்னிரண்டு ராத்திரி, ரயிலில் நாலுதான். ஆபீஸுக்குக் குறைகிறது இரண்டே நாள். அந்த ஐந்து நாளும் நான் முழுசாக அங்கே இருப்பேன். வியாழன் மத்தியானமே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ரயிலுக்கு ஓடுகிற பதற்றத்தில் ஒரு மீட்டிங்கில் பாதி காதை வைத்து உட்கார்ந்திருக்க மாட்டேன். மீதி இரண்டு வாரமும் மகளுடைய பேரன்ட்ஸ் மீட்டிங், மாமனாருடைய சுகர் செக்கப், எல்லாம் ஒழுங்காக நடக்கும்.

தூத்துக்குடியிலிருந்து வருகிற என் தோழி ஒருத்தி இதில் இன்னொரு படி மேலே போனாள். "நீ ஒரு வாரம், நான் ஒரு வாரம்னு மாத்தி மாத்தி வந்தா நமக்கு ஒரே கட்டில் போதும்டி." ஹாஸ்டல் அக்காவிடம் கேட்டோம். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "ஆதார் ரெண்டு பேருதும் குடுங்க, தலகாணி உறைய அவங்கவங்க மாத்திக்கணும்" என்றார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொள்ளாதது எங்கள் வருகைப் பதிவு மென்பொருள். அதில் வாரத்துக்கு மூன்று கட்டம். ஒரு வாரத்தில் ஐந்து ஸ்வைப் விழுந்தால் கூடுதல் இரண்டை அது தூக்கிப் போட்டுவிடும். அடுத்த வாரம் பூஜ்ஜியம் என்று சிவப்பு காட்டும். மனிதவளத்துறையில் இருக்கிற பெண் நல்லவர்தான், "புரியுது, ஆனா சிஸ்டம்ல ஆப்ஷன் இல்லையே" என்கிறார். மென்பொருள் செய்கிற கம்பெனியில் மென்பொருளில் ஆப்ஷன் இல்லை என்கிற பதிலைக் கேட்டு ஒரு டெஸ்டர் என்ன செய்ய முடியும்? பக் என்று டிக்கெட் போடத்தான் கை துறுதுறுத்தது.

ஆபீஸுக்குப் போனால்தான் வேலை நடக்கும் என்கிற வாதத்துக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் எடுத்துக்காட்டுவது சீனாவின் சிட்ரிப் என்கிற பயண நிறுவனத்தில் நடந்த சோதனையை. ஸ்டான்ஃபோர்டு பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் புளூமும் அவருடைய கூட்டாளிகளும் கொரோனாவுக்கு எத்தனையோ வருஷம் முன்பே, 2010, 2011 வாக்கில், ஷாங்காய் கால் சென்டர் ஆட்களைப் பிரித்துவைத்துப் பார்த்தார்கள். வாரத்தில் நாலு நாள் வீட்டிலிருந்து பார்த்தவர்களுடைய வேலை 13 சதவீதம் கூடியது. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: அவ்வளவு நன்றாக வேலை பார்த்தும் அவர்களுக்குப் பதவி உயர்வு அதற்கேற்ற மாதிரி வரவில்லை. கண்ணில் படாதவர் கணக்கில் வராமல் போவது எல்லா ஊரிலும் நடக்கிறது போல. சோதனை முடிந்ததும் பாதிப் பேர் தனிமை தாங்காமல் ஆபீஸுக்கே திரும்பினார்கள். பிறகு அதே நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து ஒரு ஹைப்ரிட் சோதனை நடந்து, முடிவு 2024இல் நேச்சர் இதழில் வந்தது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து பார்த்தவர்களின் வேலைத்தரத்தில் குறை ஒன்றும் இல்லை, வேலையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

நல்ல ஆய்வுகள்தான், ஆனால் இரண்டுமே ஷாங்காயில் வீடு இருந்து ஆபீஸுக்குப் போய் வருகிறவர்களைப் பற்றியவை. 'வாரத்துக்கு இத்தனை நாள்' என்கிற கணக்கு அவர்களுக்குப் பொருந்தும். நம் கம்பெனிகள் அந்த வாரக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து, கோவில்பட்டி, அரியலூர், அன்னவாசல் ஆட்களுக்கும் சேர்த்து மாட்டிவிட்டன.

நான் முழுக்க முழுக்க வீட்டிலிருந்து வேலை கேட்கிற கட்சியிலும் இல்லை என்று சொன்னேன். காரணம் இருக்கிறது. டெஸ்டிங் வேலையை நான் கற்றுக்கொண்டது எந்தப் பயிற்சி வகுப்பிலும் இல்லை. பக்கத்து சீட்டில் இருந்த ஓர் அண்ணன், "இந்த ஸ்க்ரீன்ல பேக் பட்டன ரெண்டு தடவ அமுக்கிப் பாரு" என்று போகிற போக்கில் சொல்லிக்கொடுத்தது. அந்த இரண்டாவது அமுக்கலில்தான் ஆப் விழும். ஊரடங்கு காலத்தில் சேர்ந்த பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை. கேமராவை அணைத்துவிட்டு, சந்தேகம் கேட்கக் கூச்சப்பட்டு, இரண்டு வருஷம் தட்டுத்தடுமாறினார்கள். டெவலப்பரோடு சண்டை வந்தால் சாட்டில் அது நாலு நாள் ஓடும், நேரில் ஒரு டீயில் முடியும். அந்த ஐந்து நாள் வாரம் எனக்கு வேண்டும் என்பது இதற்காகத்தான்.

இப்போது என் அன்னவாசல் ஆபீஸைப் பற்றி. மாமியார் சீதனமாகக் கொண்டுவந்த தையல் மெஷினின் மேஜைதான் என் டெஸ்க். காலால் மிதிக்கிற பலகை கீழே அப்படியே இருக்கிறது, நீண்ட கான்பரன்ஸ் கால்களில் என்னையறியாமல் மிதித்துக்கொண்டிருப்பேன். ஜன்னலுக்கு வெளியே மயில் அகவும். விராலிமலை மட்டும் மயிலுக்குப் பேர் வாங்கியிருக்கிறது, எங்கள் பக்கமும் குறைச்சல் இல்லை. முதல் தடவை அதைக் கேட்ட பெங்களூர் மேனேஜர், யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறிவிட்டார். ஆடி மாதம் கோயில் ரேடியோ செட் கட்டினால் அன்றைக்கு நான் பேசுவது எனக்கே கேட்காது. இதெல்லாம் சமாளிக்கலாம். கரண்டும் இன்டர்நெட்டும் சமாளிக்க முடியாதவை.

மாதாந்திரப் பராமரிப்பு என்று துணை மின் நிலையத்தில் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். பேப்பரில் சின்ன எழுத்தில் ஊர்ப் பெயர்களோடு முன்கூட்டியே போட்டுவிடுகிறார்கள், அந்த மட்டில் சந்தோஷம். அன்றைக்கு நான் லேப்டாப்போடு புதுக்கோட்டையில் சித்தி வீட்டுக்குப் போய்விடுவேன். நெட் விஷயத்தில் முன்கூட்டிச் சொல்ல ஆளில்லை. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை இழுக்கிற வேலை நடக்கிறது. நாங்கள் பேரூராட்சி, அந்தப் பட்டியலிலேயே இல்லை. எங்களுக்கு எல்லாமே கேபிள்கார அண்ணன்தான்.

ஒரு ரிலீஸ் அன்றைக்கு வைக்கோல் ஏற்றிக்கொண்டு போன டிராக்டர், கம்பத்துக்குக் கம்பம் தொங்கிய வயரை அறுத்துக்கொண்டு போய்விட்டது. அண்ணன் மொபெட்டில் ஒரு மஞ்சள் பெட்டியோடு வந்தார். வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வயரின் மேல் தோலை உரித்து, உள்ளே இருந்த தலைமயிர் மாதிரியான இழையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தார். ஒரு சின்னக் கத்தியில் வைத்து நறுக்கினார், டிக் என்று ஒரு சத்தம். இரண்டு நுனியையும் பெட்டிக்குள் எதிரெதிராக வைத்து மூடினார். பெட்டியின் திரையில் இரண்டு இழையும் இரண்டு பெரிய குழாய் மாதிரித் தெரிந்தன. மெதுவாக நகர்ந்து ஒன்றுக்கொன்று நேரானதும் நடுவில் ஒரு மின்பொறி. ஒட்டின இடமே தெரியவில்லை. மேலே ஒரு சின்ன உறையைத் தள்ளிச் சூடுபடுத்தி இறுக்கினார். "கண்ணாடிதான்த்தா, கைல குத்துனா எடுக்கவே முடியாது, தள்ளி நில்லு" என்றார். பக்கத்தில் ஓர் ஆடு அந்த வைக்கோல் சிந்தலைத் தின்றுகொண்டிருந்தது. சாயங்காலம் ரிலீஸ் போனது. எங்கள் கம்பெனியின் அமெரிக்க வாடிக்கையாளருக்கு இந்த மஞ்சள் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை தெரியாது. அப்ரைசலில் எழுதலாமா என்றுகூட யோசித்தேன்.

வீட்டுக்குள் நடக்கிறதும் சுலபமில்லை. கணவருக்குத் தொழிற்சாலை வேலை. அவருக்கு ஹைப்ரிட் என்றால் டொயோட்டா விடுகிற காரின் பெயர். விடிகாலை கம்பெனி வண்டி மெயின் ரோட்டில் வந்து நின்றால் போய் ஏறியாகணும். மெஷினை வீட்டுக்கு எடுத்துவர முடியாது. ஊரடங்கு தளர்ந்ததும் முதலில் வேலைக்கு இறங்கியது அவரைப் போன்ற தொழிற்சாலைக்காரர்கள்தான். நாட்டில் பெரும்பாலானவர்களுடைய வேலை அவருடையதைப் போன்றதுதான் என்பதை, எங்களைப் போன்றவர்கள் 'வேலையின் எதிர்காலம்' என்று வாய் கிழியப் பேசும்போது ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. சண்டை வரும்போது அவர் வாயில் வருவது, "ஒனக்கென்ன, வீட்லதான இருக்கே." தெருவில் எல்லாருக்குமே அந்த எண்ணம்தான். கேஸ் சிலிண்டர் வந்தால் நான் வாங்கி வைக்கணும், பக்கத்து வீட்டுக் கூரியர் என் பெயரில் வரும், எதிர்வீட்டுப் பெரியம்மா பேரனை என் அறையில் விட்டுவிட்டு "நீ ஒம்பாட்டுக்கு வேலையப் பாருத்தா, அவன் சும்மா இருப்பான்" என்று ரேஷன் கடைக்குப் போய்விடுவார். அவன் ஒருநாளும் சும்மா இருந்ததில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2017இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியபோது, விடுப்பு முடிந்து வருகிற தாய்க்கு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், வீட்டிலிருந்து பார்க்க அனுமதிக்கலாம் என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். முதலாளியும் அந்தப் பெண்ணும் பேசி ஒத்துக்கொண்டால்தான் என்கிற நிபந்தனையோடு. 2020 டிசம்பர் கடைசியில் சேவைத் துறைக்கு என்று வெளியிட்ட மாதிரி நிலையாணை வரைவிலும் வீட்டிலிருந்து வேலை என்ற வார்த்தை வந்தது, அங்கேயும் 'அனுமதிக்கலாம்' தான். இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 6 முதல் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நெகிழ்வான வேலைமுறை வேண்டும் என்று எழுதிக் கேட்கிற உரிமை சட்டத்தில் இருக்கிறது. கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்று அங்கேயும் இல்லை, ஆனால் மறுத்தால் காரணம் சொல்லணும். "சிஸ்டம்ல ஆப்ஷன் இல்லை" என்பது அந்தக் காரணப் பட்டியலில் வராது என்று நினைக்கிறேன்.

என் மாமியார் வீட்டிலிருந்து வேலை என்கிற விஷயத்தில் எனக்கு எதிர்க்கட்சி. அறிவொளி எழுத்தறிவு இயக்கம் இந்த மாவட்டத்தில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தபோது அத்தைக்கு முப்பது வயதுகூட இல்லை. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. அதனால் என்ன என்று நடுவில் கம்பி வைத்த ஆம்பளை சைக்கிளிலேயே ஏறினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியதால் புதுக்கோட்டைப் பெண்களின் சைக்கிள் உலகம் முழுக்கத் தெரிந்தது. குவாரியில் கல் உடைத்த பெண்களும், நர்ஸுகளும், டீச்சர்களும், அத்தையும் அந்தக் கூட்டத்தில் உண்டு. அவர் கேட்கிறார்: "நாங்க வீட்ட விட்டு வெளிய போறதுக்கு அவ்வளவு பாடுபட்டு சைக்கிள் கத்துக்கிட்டோம். நீங்க என்னடான்னா படிச்சிட்டு வீட்டுக்குள்ளயே இருக்கணும்ங்கிறீங்க. ஒம் மகளும் இதத்தான கத்துக்குவா?"

இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. வீட்டிலிருந்து வேலை என்பது பெண்ணுக்கு வசதி என்று சொல்லிச் சொல்லியே அவளை அடுப்படியிலிருந்து பத்தடி தூரத்தில் கட்டிப்போட்டு, சம்பளமும் வாங்கிக்கொடு, சாம்பாரும் வைத்துக்கொடு என்று ஆக்கிவிட முடியும். அப்படி ஆன வீடுகளை எனக்குத் தெரியும். நான் அத்தையிடம் சொல்வது, ஒன்று விட்டு ஒரு வாரம் போகத்தானே நான் கேட்கிறேன் என்று. "போ. நல்லாப் போ. நான் பாத்துக்கிறேன்" என்பார். அவர் பார்த்துக்கொள்வதால்தான் என் ஹைப்ரிட் ஓடுகிறது. எந்த நிறுவனத்தின் கொள்கை ஆவணத்திலும் மாமியாருக்கு ஒரு வரி கிடையாது.

இன்னொரு கோபமும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். 2024 அக்டோபரில் சென்னைக்குப் பெருமழை எச்சரிக்கை வந்தபோது, 15ஆம் தேதி முதல் 18 வரை ஐடி ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதிக்கும்படி அரசே நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. அதற்கு முந்தைய டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்திலும் அப்படித்தான். ஒரே ராத்திரியில் எல்லாரும் வீட்டிலிருந்து லாகின் பண்ணினார்கள், வேலை நடந்தது, ஒரு வாடிக்கையாளரும் ஓடிப்போகவில்லை. ஓஎம்ஆரில் தண்ணீர் நின்றால் முடிகிற காரியம், தண்ணீர் வடிந்ததும் ஏன் முடியாமல் போகிறது? நேர்மையாகச் சொல்ல எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 2018 நவம்பர் 16 கஜா புயலில் எங்கள் மாவட்டத்தில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்டு கிடையாது. அன்றைக்கு என் ஆபீஸ் சென்னையில் இருந்ததால்தான் சம்பளம் வந்தது. இரண்டு இடத்திலும் ஒரு கால் இருப்பது எங்களுக்கு மட்டுமில்லை, கம்பெனிக்கும் நல்லது.

ஊருக்கே வேலையைக் கொண்டுவர முடியாதா என்று கேட்பவர்களுக்கு: முயன்றிருக்கிறார்கள், கொரோனாவுக்கு ரொம்ப முன்னாலேயே. சென்னை ஐஐடியின் அரவணைப்பில் தொடங்கிய தேசிக்ரூ நிறுவனம் கொல்லுமாங்குடியில் கிராமத்து பிபிஓ நடத்தியது. சோஹோ 2011இலேயே தென்காசிப் பக்கம் போனது, அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019 வாக்கில் மத்தளம்பாறைக்கே குடிபோனார், கொரோனா காலத்தில் சிற்றூர்களில் சின்னச் சின்ன அலுவலகங்களைத் திறந்தார்கள். அரசும் 2024இல் விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் என்று நியோ டைடல் பூங்காக்களைத் திறந்தது. எங்களுக்குக் கிட்டத்தில் என்றால் திருச்சி நவல்பட்டு எல்காட் பூங்கா. இதெல்லாம் நிறுவனம் வந்து இடம் பிடித்தால் உதவுகிற ஏற்பாடு. என் மாதிரி, கம்பெனி சென்னையில், ஆள் மட்டும் ஊரில் என்று இருக்கிறவர்களுக்குத் தேவை இன்னும் சின்னது: கரண்டு போகாத ஒரு அறை, இரண்டு நெட் இணைப்பு, கதவு சாத்திப் பேச ஒரு மூலை, ஒரு கழிப்பறை. 2024 நவம்பரில் சென்னை கொளத்தூரில் 'முதல்வர் படைப்பகம்' என்று பகிர்ந்துகொள்ளும் பணியிடமும் படிப்பகமும் சேர்த்து ஒன்றைத் திறந்தார்கள். படம் பார்த்து நானும் தோழியும் ஏங்கிப்போனோம். சென்னைக்குள் வீடு இருப்பவர்களுக்கே அது தேவைப்படுகிறது என்றால் இலுப்பூருக்கும் அன்னவாசலுக்கும் எவ்வளவு தேவை! பேரூராட்சிக் கட்டடத்தின் மேல்மாடியில் ஓர் அறை போதும், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கும் சேர்த்து. வாடகை கொடுத்தே உட்காருவோம். இதை மனுவாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். நம்ம ஊர்ப் பக்கம் இருந்து இதைப் படிப்பவர்கள் கீழே சொல்லுங்கள், உங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்கிறேன்.

மனிதவளத்துறையில் இருக்கிற யாராவது இதுவரை படித்திருந்தால் ஒரே விண்ணப்பம். நாளைப் பெரிதாகக் குறைக்கச் சொல்லவில்லை. உங்கள் மென்பொருளில் 'வாரம்' என்று இருக்கிற கட்டத்தை 'மாதம்' என்று மாற்றுங்கள். எந்தெந்த நாள் என்பதை டீம் முடிவு செய்யட்டும்.

புதிதாக வேலைக்குச் சேரப்போகிற தம்பி தங்கைகளுக்கும் ஒன்று. ஆஃபர் லெட்டரில் 'ஹைப்ரிட்' என்று போட்டிருந்தால் அதோடு திருப்திப்பட்டுக்கொண்டு சென்னையில் வீட்டைக் காலி பண்ணிவிடாதீர்கள். எத்தனை நாள், அது வாரக் கணக்கா மாதக் கணக்கா, சேர்த்துப் போட்டுக்கொள்ள முடியுமா, எத்தனை நாள் நோட்டீஸில் மாற்றுவார்கள் என்று நாலையும் மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.